வாய்ப்பூட்டுச் செடி

என் தங்கை வீட்டு இஸ்தோப்பில் ஒரு செடி இருக்கிறது. அகன்ற பச்சை இலைகளில் வெண்ணெய் நிறத்துப் புள்ளிகளும் கோடுகளும் சிதறிக் கிடக்க, பார்ப்பவர் கண்ணை ஒரு கணம் நிறுத்திவைக்கும் செடி. பதுளைப் பட்டணத்தில் பூஞ்செடி விற்கும் இடத்தில் அதை விலைக்கு வாங்கி, ஒரு தீபாவளியன்று அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். இதைச் சொல்லித்தான் நான் ஆரம்பிக்க வேண்டும். ஏனெனில் பின்னால் நேர்ந்ததில் செடியின் குற்றத்தைக் காட்டிலும் என் குற்றமே பெரிது.

தங்கை இருப்பது பசறைக்கு அப்பால், நமுனுகுல மலையின் சரிவில் உள்ள தோட்டமொன்றில். லயத்து வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் இருட்டையும் புகையையும் ஒழுகும் கூரையையும் எழுதுகிறார்கள். அவையெல்லாம் உண்மை. ஆனால் 10 அடிக்கு 12 அடிக் காம்பராவின் வாசலில் வரிசையாக நிற்கும் பால்மாத் தகரங்களை அவர்கள் அதிகமாகக் கவனிப்பதில்லை. அந்தத் தகரங்களில் ரோஜா இருக்கும், குரோட்டன் இருக்கும், அந்தூரியம் இருக்கும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் வளர்த்தாள். பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த மாமா, துரைசாணி வேண்டாமென்று வெட்டியெறிந்த கிளைகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். அவை எங்கள் வாசலில் மறுபடியும் துளிர்க்கும். கொழுந்து கம்பெனிக்குச் சொந்தம். காணி அரசாங்கத்துக்குச் சொந்தம். குடியிருக்கும் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். தன் கையால் நட்டுத் தன் கண்ணுக்காகவே வளர்க்கும் இந்தத் தகரத்துச் செடி ஒன்றைத்தான் ஒரு பெண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியும்.

அம்மாவின் அந்த ஆசை தங்கைக்கும் இருந்தது. ஆகவேதான் தீபாவளிக்குச் சேலையோடு செடியும் வாங்கிப் போனேன்.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும். தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மகளும் மருமகனும் மலைக்குப் போயிருக்க, இரண்டரை வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டிலிருந்தாள்.

“அண்ணே, புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. வீல்னு கத்துனா. இப்ப சத்தமே வரல. ஒதடெல்லாம் வீங்கி எச்சி வழியுது.”

“என்ன தின்றாள்?”

“ஒண்ணும் திங்கல அண்ணே. வாசல்லதான் வெளயாடிக்கிட்டிருந்தா.”

“வாசலில் செடி இருக்கிறதே, அதைப் பார்.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: “எலையில பல்லுத்தடம் இருக்கு.”

என் அடிவயிறு கலங்கிவிட்டது. லயத்தார் கூடிவிட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கச் சொன்னார் ஒருவர். தொண்டையில் விரல் விடச் சொன்னார் இன்னொருவர். கண்ணேறு என்றாள் ஒரு கிழவி. வாந்தியெடுக்க வைக்கவே கூடாது என்று நான் கத்தினேன். வாயில் ஒட்டியிருக்கும் இலைத்துண்டுகளை ஈரத்துணியால் துடைத்தெடு, தண்ணீரால் வாயைக் கழுவு, விழுங்க முடிந்தால் ஆறிய பாலை மடக்கு மடக்காகக் கொடு, மூச்சைக் கவனித்துக்கொண்டேயிரு, கடித்த இலையையும் கையில் எடுத்துக்கொண்டு புறப்படு என்றேன். முச்சக்கரவண்டியொன்றில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவு முழுதும் வைத்தியர்கள் அதன் தொண்டையையும் மூச்சையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வீக்கம் வடிந்தது. மூன்றாம் நாள் பேச்சு வந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடி தங்கை என்னைக் கேட்டாள்: “அது வெசச்செடின்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். சேம்புக் குடும்பத்துத் தாவரங்களின் கலங்களில் ஊசி வடிவான பளிங்குகள் உண்டு என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். அந்தச் செடியை வாங்கும்போதும், கொண்டுபோய் வைக்கும்போதும், அதன் பக்கத்தில் அந்தக் குழந்தை தவழ்ந்து திரிந்ததைப் பல தடவை பார்த்தபோதும், அந்த அறிவு என் வாய்க்கு வரவில்லை. பாடமாகப் படித்தது பரீட்சைத் தாளோடு நின்றுவிட்டது.

செடியின் பெயர் டிபென்பாக்கியா. அதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒட்சலேற்று என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடைபட்டிருக்கிறது. பல் பட்டு இலை நசுங்கியதும் அந்த ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் உதட்டிலும் குத்தி நிற்கின்றன. இலைச்சாற்றில் உள்ள வேறு பொருள்களும் அந்தப் புண்ணில் சேர்ந்து எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ வேதனை தானே அடங்கிவிடும். முதற்கடியிலேயே வலி பிடித்துவிடுவதால் அதிகம் விழுங்குகிறவர்களும் குறைவு. ஆனால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுக்குழலை அடைத்துவிட்டால் அது உயிர்ப் பிரச்சினையாகிவிடும். சாறு கண்ணில் தெறித்தாலும் கடும் வேதனைதான். ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மணிப்பிளாண்ட், அந்தூரியம், கலேடியம், பிலோடெண்ட்ரன் என்று நம் வீடுகளை அலங்கரிக்கும் பல செடிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் உண்ணும் சேம்பும் கருணைக்கிழங்கும் இதே குடும்பந்தான். கருணையைப் புளி விட்டு வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்கும் என்பது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அரிப்புத்தான் இந்த விஷம். “நீ அடுப்பில் ஏற்றும் கருணையின் உறவுக்காரிதான் உன் வாசலில் நிற்கிறாள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தங்கைக்கு எல்லாம் விளங்கியிருக்கும். (புளி சமையலுக்கான வழி, எரிகிற வாய்க்கு அதை வைக்கலாகாது.)

இந்தச் செடியின் சரித்திரத்தை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசத்தில் பிறந்தது. வியன்னா நகரத்து அரச தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் டிபென்பாக் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்பது. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பேச்சுப் பெயர் ‘ஊமைக் கரும்பு’ என்று பொருள்படும். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைத் தண்டிப்பதற்காக இதன் தண்டை அவர்கள் வாயில் தேய்த்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாக்கு வீங்கிய அடிமை பேச முடியாது, முறையிட முடியாது. 1941இல் அடோல்ப் பொக்கோர்ணி என்ற வைத்தியர், இச்செடியின் சாறு மிருகங்களை மலடாக்குகிறது என்ற ஆராய்ச்சியொன்றைப் படித்துவிட்டு, நாஜித் தலைவன் ஹிம்லருக்குக் கடிதம் எழுதினார். சிறைப்பட்ட 30 லட்சம் சோவியத் போர்வீரர்களை இதனால் மலடாக்கிவிட்டால், அவர்களிடம் வேலையும் வாங்கலாம், அவர்கள் சந்ததியையும் இல்லாமற் செய்யலாம் என்பது அவர் யோசனை. ஜெர்மனியின் குளிரில் செடியைப் போதிய அளவு வளர்க்க முடியாமற் போனது மனித குலம் செய்த புண்ணியம்.

செடி எந்த மனிதனையும் அடிமையாக்கவில்லை. தன்னைத் தின்ன வரும் வாயிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இயற்கை கொடுத்த ஊசிகளை அது வைத்திருக்கிறது. அந்த ஊசியை உழைப்பாளியின் நாக்குக்குக் கொண்டுபோனவன் மனிதன். வேலை செய்யும் கை வேண்டும், பேசும் வாய் வேண்டாம் என்ற அந்தத் தத்துவம் கரும்புத் தோட்டத்தோடு முடிந்துவிட்டதா? 1948இல் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் அந்தப் பிரச்சினையின் மிச்சத்தைச் சுமந்த தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு, வாய் கட்டப்பட்டிருப்பது என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குழந்தை வீடு திரும்பிய அன்று நான் தங்கையிடம், “அந்தச் சனியனைப் பிடுங்கி எறி” என்றேன். அவள் மறுத்துவிட்டாள்.

“எதுக்குண்ணே எறியணும்? வீட்டுல கத்தி இருக்கு, நெருப்பு இருக்கு, கொதிக்கிற தண்ணி இருக்கு. எல்லாத்தையுமா எறிஞ்சுட்டோம்? கத்தி வெட்டும்னு தெரியும், அதனால ஒசத்தி வெக்கிறோம். இது கடிக்கும்னு யாரு சொன்னா எனக்கு?”

பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் சொன்னதே சரி. விஷமுள்ள செடியையெல்லாம் ஒழிப்பதென்று புறப்பட்டால், ஏழை வாசலில் இருக்கும் கொஞ்சநஞ்ச அழகும் போய்விடும். அறியாமையால் நேர்ந்த ஆபத்துக்கு அறிவுதான் பரிகாரம்.

அறிவில்லாத பயம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. நம் மலைநாட்டில் டிசம்பர் மாதம் செக்கச் செவேலென்று இலை சிவக்கும் பொயின்செட்டியா, தின்றால் கொல்லும் என்று உலகமெங்கும் ஒரு பேச்சு. ஹவாய்த் தீவில் 1919இல் ஒரு குழந்தை அதன் இலையைத் தின்று இறந்ததாக எழுந்த வதந்தியே அதற்கு மூலம். அதற்கு ஆதாரமே கிடையாது. அதன் பால் தோலைச் சற்று அரிக்கும், வயிற்றைக் கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். நிரபராதியைக் கொலைகாரனாக்கிய அதே ஜனங்கள், மஞ்சள் அலரியை வேலியோரத்தில் நட்டுவிட்டு அதன் காயைக் குழந்தைகள் பொறுக்கி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவோ இருதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும் கொடிய விஷம். அலரியையும் ஊமத்தையையும் கார்த்திகைப்பூக் கிழங்கையும் வீட்டுச் செடிகளோடு சேர்த்து எண்ணக்கூடாது. சிறுபிள்ளைகள் உள்ள வாசலில் அவற்றுக்கு இடமே இல்லை. சேம்புக் குடும்பத்திலும் எல்லாம் ஒரே தரமல்ல. சிங்கள மக்கள் ‘நயி ஹபரல’ என்று அழைக்கும் செடியின் கனியைத் தின்று மரணம் நேர்ந்ததை இந்நாட்டு வைத்தியர்கள் 1993இல் விஞ்ஞான இதழொன்றில் பதிந்திருக்கிறார்கள். ஆகவே எது அரிக்கும், எது கொல்லும் என்ற பேதம் தெரிய வேண்டும்.

சரி, எறியாமல் எப்படி வைத்துக்கொள்வது? புத்தகங்களைப் பார்த்தேன். ‘குழந்தைகளுக்கும் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்’ என்று எல்லாப் புத்தகமும் ஒரே குரலில் சொல்கிறது. அதை எழுதியவர் லயத்துக் காம்பராவைப் பார்த்ததில்லை. அங்கே எட்டாத இடம் என்று எது இருக்கிறது? சுவரில் ஒரு பலகை உண்டு; அதில் சாமிப்படமும் பிள்ளைகளின் புத்தகமும் மருந்துச் சீட்டும் இருக்கின்றன. மேலே பரணில் விறகு. இஸ்தோப்போ பக்கத்து வீட்டுக்கும் பொது. பிள்ளைகளுக்கும் நாய்க்கும் கோழிக்கும் அதுவே வழி. நம் பிள்ளைக்கு எட்டாமல் வைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எட்டும். இடமில்லாத வீட்டில் எச்சரிக்கை என்பதும் ஒரு சொத்துத்தான் என்று எனக்கு அன்று உறைத்தது.

நானும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தோம். தாழ்வாரத்து மரத்தில் தடித்த கம்பியைக் கட்டி, செடியைத் தகரத்தோடு பெரியவர் தலைக்கு மேல் தொங்கவிட்டோம். தண்ணீர் ஊற்றக் கையை உயர்த்த வேண்டும். ஆனால் பிள்ளை ஏறி நிற்க அதன் கீழே பெட்டியோ உரலோ வைக்கக்கூடாது. கீழே தொங்கும் இலையை வாரத்துக்கொருமுறை நறுக்கிவிட வேண்டும். நறுக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்காமல், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அதற்கென்று ஒரு கத்தி. அது சமையலுக்கு ஆகாது. வெட்டிய துண்டைக் கானில் எறிந்தால் ஆடு தின்னும். குழி தோண்டிப் புதைக்க வேண்டும். உதிர்ந்த இலையைக் காலையில் வாசல் பெருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். பிள்ளைகளின் உயரத்தில், தரையில், ஆபத்தில்லாத செடிகளை வைத்தோம்: ரோஜாவின் முள்கூட ஒரு தடவை குத்திப் பாடம் சொல்லிவிடும், பன்னச் செடியும், கோடு போட்ட புல்லைப்போலத் தொங்கும் குளோரோபைட்டமும், ஆபிரிக்க வயலட்டும் பிள்ளைக்கும் பூனைக்கும் தீங்கு செய்யாதவை.

வாயில்லாப் பிராணிகளையும் மறந்துவிடக்கூடாது. லயத்துப் பூனை யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே அதற்காகக் கவலைப்படுகிறவரும் இல்லை. டிபென்பாக்கியாவைக் கடித்த பூனையும் நாயும் எச்சில் வடித்து, முன்காலால் வாயைப் பிறாண்டும். அவற்றுக்கும் வாந்தி மருந்து கொடுக்காமல் வாயைக் கழுவிவிட வேண்டும். மனிதனுக்கு நன்மை செய்யும் கற்றாழை நாய்க்கும் பூனைக்கும் வயிற்றைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பூனைக்கு எமன் லில்லி. பூச்சாடியில் வைக்கும் உண்மையான லில்லியின் இலையையோ இதழையோ சிறிது தின்றாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், அது நின்ற தண்ணீரைக் குடித்தாலுங்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ‘பீஸ் லில்லி’ என்று விற்கப்படுவது லில்லியே அல்ல, அது சேம்புக் குடும்பம். வாயை மட்டும் எரிக்கும். பெயரில் லில்லி என்றிருப்பதை நம்பி ஏமாறவும் கூடாது, பயப்படவும் கூடாது.

ஆனால் ஒரு வாசலைத் திருத்திவிட்டு மற்ற வாசல்களை விட்டுவிடுவதா? தங்கைதான் இதற்கும் வழி சொன்னாள். அடுத்த வாரம் அவள் அந்தச் செடியின் இலை ஒன்றைப் பையில் கட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார் கொழுந்துக் கூடையோடு நின்று கேட்டார்கள். நான் கல்சியம் ஒட்சலேற்று என்று ஆரம்பித்ததும் அவர்கள் கண்கள் பிள்ளைகளைத் தேடிப் போயின. தங்கை என்னை மெல்ல விலக்கிவிட்டு, “இது நம்ம கருணக்கெழங்கு சாதி. அது வெந்தா சோத்துக்கு ஆகும். இது எப்பயும் ஆகாது. எம் பேத்தி மூணு நாளு பேசல” என்றாள். அத்தனை பேரும் நெருங்கி வந்து இலையைப் பார்த்தார்கள். “எங்க வாசல்லயும் இருக்கே” என்றார்கள் நான்கைந்து பேர். பேரென்ன என்று ஒருத்தி கேட்க, நான் சொன்ன பெயர் எவர் வாயிலும் நுழையவில்லை. “வாய்ப்பூட்டுச் செடின்னு வச்சுக்கங்க” என்றாள் பிள்ளைக்காம்பரா ஆயா. அந்தப் பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது. இன்று அந்தத் தோட்டத்தில் நான்கு வயதுப் பிள்ளைகூட அதைப் பார்த்தால், “தொடாதே, வாய்ப்பூட்டு” என்கிறது.

தன் மொழியில் பெயர் கிடைத்த ஆபத்து பாதி ஆபத்துத்தான். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. மருந்துப் போத்தலில் எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஆனால் நான் வாங்கிய செடியின் தொட்டியில் விலைச் சீட்டைத் தவிர வேறு சீட்டில்லை. ‘கடித்தால் வாய் வீங்கும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று இரண்டு வரி ஒட்டுவதற்கு விற்பவருக்கு எவ்வளவு செலவாகிவிடும்? ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவின் சுவரிலும் இத்தகைய செடிகளின் படத்தைத் தமிழ்ப் பெயரோடு ஒட்டிவைக்க என்ன தடை? கொழும்பு தேசிய வைத்தியசாலையில் 1988 முதல் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது. 2016இல் ஆரம்பித்து நாடெங்கும் பரவிய சுவசெரிய அம்புலன்சை 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. இந்தச் செய்திகள் மலைக்கு மேலே, லயத்துக் கதவு வரை ஏறி வர வேண்டும். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியவர்கள், அந்த லயங்களிலிருந்து படித்து வெளியேறிய நாங்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015க்குப் பின் சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனித்தனி வீடுகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரி வேலியோரமாக, சமையற்கட்டுக்கும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கும் தூரத்தில், தன் வாய்ப்பூட்டுச் செடியை நட்டிருந்தாள். எட்டாத இடம் அவளுக்கு இருந்தது. தங்கையின் லயத்துக்கு அந்தத் திட்டம் இன்னும் வரவில்லை. கம்பியில் தொங்கும் தகரந்தான் அவளுடைய 7 பேர்ச்.

போன பொங்கலுக்குப் போனபோது பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துச் செடியைக் காட்டினாள். அவளுக்கு இப்போது ஐந்தரை வயது, நிறுத்தாமல் பேசுகிறாள். “தாத்தா, இது நீங்க குடுத்ததாம். பாக்கலாம், தொடக்கூடாது. பூனக்குட்டிக்கும் சொல்லிட்டேன்” என்றாள்.

நான் சொல்லியிருக்க வேண்டியது அது.